ட்ராய்மெராயும் நாலு சதவீத வட்டியும்

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். 2004. மும்பையில் ஒரு கிளை, அந்நியச் செலாவணி கவுண்டர். வயசான ஒருத்தர் பீரோவைக் காலி பண்ணும்போது கிடைத்தது என்று ஒரு ஜெர்மன் 100 மார்க் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் வாங்க முடியாது, ஜெர்மனியின் மத்திய வங்கிதான் மாற்றித்தரும், அதற்குக் காலக்கெடு எதுவும் இல்லை என்று சொன்னேன். (இன்றைக்கும் கெடு கிடையாது. யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.)

நீல நிற நோட்டு. முன்பக்கம் ஒரு பெண்மணி, பின்பக்கம் ஒரு பெரிய பியானோ. "யாரு சார் இந்தம்மா, ராணியா?" என்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். பி.காம். படித்து, பேங்க் பரீட்சை எழுதி, பயிற்சிக் கல்லூரியில் கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கும் பதினெட்டு வழி படித்தவனுக்கு, நோட்டில் இருக்கிற ஆள் யார் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அந்தம்மா பெயர் க்ளாரா ஷூமான். அது எனக்குத் தெரிய வந்தது இருபது வருஷம் கழித்து, கொல்கத்தாவில், என் பொண்ணு விட்டுவிட்டுப் போன கீபோர்டு முன்னால் உட்கார்ந்தபோது.

பொண்ணுக்குப் பியானோ கற்றுத்தந்தது என் ஆசை. கரூர்ப் பக்கத்தில் வளர்ந்த எனக்குப் பியானோ என்றால் சினிமாவில் கோட்டு போட்ட கதாநாயகன் சோகப்பாட்டுக்கு உட்காரும் சாமான், அவ்வளவுதான். கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தபோது எதிர் பிளாட் பெங்காலிக் குழந்தைகள் எல்லாம் ஏதோ ஒன்று வாசித்தன. நம்ம பிள்ளை மட்டும் சும்மா இருக்கலாமா? 88 கட்டை உள்ள டிஜிட்டல் பியானோ ஒன்றைத் தவணையில் வாங்கிப்போட்டேன். ஒன்று, ரெண்டு, மூணு என்று கிரேடு பரீட்சைகள். ஐந்தாம் கிரேடு முடித்த மறுநாள் அவள் மூடியை மூடினாள். பத்தாம் வகுப்பு என்று காரணம் சொன்னாள். அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு, அப்புறம் புனேவில் கல்லூரி. கீபோர்டு மேல் தங்கமணி இஸ்திரித் துணி அடுக்க ஆரம்பித்தார்.

நான் அதன் முன்னால் உட்கார்ந்தது 46 வயதில். எதற்கு என்று கேட்டால் உருப்படியான பதில் கிடையாது. மூடியைத் திறந்தபோது அவள் கடைசியாக வைத்திருந்த புத்தகத்தில் ஒரு பக்கம் மடித்திருந்தது. பார்த்தால் ஒரே பக்கம்தான், எழுத்தும் ரொம்ப நெருக்கமில்லை, ஓட்டமும் இல்லை. சரி, இதைக் கற்றுக்கொள்வோம் என்று நினைத்தேன். மேலே ட்ராய்மெராய் என்று போட்டிருந்தது. கனவில் ஆழ்ந்திருத்தல் என்று அர்த்தம். எழுதியவர் ராபர்ட் ஷூமான்.

ஒரே பக்கம் என்பது ஏமாற்று வேலை என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. மொத்தம் 24 தாள அளவுகள், நாலு நாலாக ஆறு வரி. ஆறு வரியும் ஒரே மாதிரிதான் கிளம்புகின்றன. நம்ம பாஷையில் சொன்னால் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து ஷட்ஜமத்துக்கு ஒரு தாவல், அங்கே ஒரு நிற்றல், பிறகு நிஷாதத்தைத் தொட்டுக்கொண்டு மேல் ஷட்ஜமம் வரைக்கும் ஒரு ஏற்றம். முதல் வரியில் அதோடு இறங்கிவிடும். ரெண்டாவது வரியில் இன்னும் மேலே, காந்தாரம் வரை போகும். நடுவில் ரெண்டு வரி வேறு ஸ்ருதிகளுக்குப் போய்ச் சுற்றிவிட்டு வரும். கடைசி வரியில் மறுபடி அந்த மேல் காந்தாரம், ஆனால் அடியில் வேறு ஸ்வரக் கூட்டம், மேலே நிறுத்தக் குறி. அங்கே நின்றுவிட்டுத்தான் இறங்கவேண்டும்.

கஷ்டம் எங்கே என்றால், கேட்கிறவருக்கு ஒரு பாட்டுதான் கேட்கிறது. உள்ளே நாலு குரல் ஓடிக்கொண்டிருக்கிறது. வலது கைச் சுண்டுவிரல் பாடும்போது அதே கையின் கட்டைவிரல் வேறு ஒருத்தருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் சத்தம் போடாமல். இடது கைக்கு எட்டாத தூரங்கள் வேறு. ஒரே கட்டில் பத்து கிளார்க் வேலையை மூணு பேர் பார்க்கும் கிளை மாதிரி, யார் எந்தச் சாவியை எப்போது விடுவது என்று ஏற்பாடு பண்ணிக்கொள்ளவே எனக்கு மூணு மாசம் ஆனது.

விரல் ஓயும் நேரத்தில் இதை எழுதியவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அங்கேதான் அந்த 100 மார்க் அம்மா மறுபடி வந்தார்.

ராபர்ட் ஷூமான் 1810-ல் ஸ்விக்காவ் ஊரில் பிறந்தவர். அப்பா புத்தக வியாபாரி, பதிப்பாளர், 1826-ல் போய்விட்டார். அம்மாவுக்குப் பையன் வக்கீலாகவேண்டும். (எந்த ஊராக இருந்தால் என்ன, அம்மாக்கள் அம்மாக்களே.) 1828-ல் லைப்சிக்கில் சட்டம் படிக்கச் சேர்ந்தார், படித்தது என்னவோ பியானோ. குரு ஃப்ரீட்ரிக் வீக். வீக் பியானோ வாத்தியார் மட்டுமில்லை, பியானோ வாடகைக்கு விடுவது, விற்பது என்று கடையும் வைத்திருந்தவர். 1830-ல் அவர் ராபர்ட்டின் அம்மாவுக்கு எழுதினார்: ஒழுங்காகச் சொன்னபடி கேட்டால் மூணு வருஷத்தில் உங்கள் பையனை உலகத்தின் பெரிய பியானோக் கலைஞர்களில் ஒருவனாக்குகிறேன் என்று. ராபர்ட் வீக் வீட்டிலேயே குடியேறினார். அந்த வீட்டில் பதினோரு வயதில் ஒரு பெண் இருந்தாள். க்ளாரா.

மூணு வருஷ வாக்குறுதி நிறைவேறவில்லை. 1832 வாக்கில் ராபர்ட்டின் வலது கை விரல் கெட்டுப்போனது. விரலைப் பலப்படுத்த ஒரு கருவியை மாட்டிக்கொண்டதுதான் காரணம் என்பது பரவலான கதை. நரம்புக் கோளாறு, மருந்தின் விஷம் என்று வேறு கட்சிகளும் உண்டு. வைத்தியம் பண்ணிப் பார்த்தார்கள். அதில் ஒன்று, அப்போதுதான் வெட்டிய மிருகத்தின் குடலுக்குள் கையை வைத்துக்கொள்வது! ஒன்றும் பலிக்கவில்லை. மேடைக் கனவு முடிந்தது. எழுதுவது, பத்திரிகை நடத்துவது என்று திரும்பினார். 1834-ல் தொடங்கிய அவருடைய இசைப் பத்திரிகை பிற்பாடு பெரிய பெயர் எடுத்தது.

க்ளாரா கதை வேறு. நாலு வயசு தாண்டும்வரை பேச்சே வரவில்லை. அப்பா அம்மா பிரிந்துவிட்டார்கள், அன்றைய சட்டப்படி பிள்ளை அப்பாவுக்கு. வீக் அந்தப் பெண்ணைத் தன் போதனா முறைக்கு விளம்பரப் பலகையாக வளர்த்தார் என்று சொன்னால் தப்பில்லை. தினசரி பாடம், தினசரி நடை, ஒன்பது வயதில் லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் மேடை, பதினொன்றில் அங்கேயே தனிக் கச்சேரி, பாரிஸ் பயணம். பதினாறு வயதில் மெண்டெல்சன் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த, தானே எழுதிய பியானோ கான்செர்ட்டோவை வாசித்தாள்.

இதில் ஒரு விவரத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவைத்தேன். வீக் தன் மகளுக்கு ஏழு வயசில் ஒரு நாட்குறிப்பு ஆரம்பித்தார். எழுதியது அவர். ஆனால் "நான்" என்று எழுதினார். நான் இன்று வாசித்தேன், என் அப்பா என்மேல் கோபப்பட்டார், நான் சோம்பேறித்தனமாக இருந்தேன் என்கிற ரீதியில், மகள் குரலில் அப்பா எழுதிய டைரி. பிறகு மகளும் எழுதினாள், ஆனால் அவர் கையெழுத்து பல வருஷம் அதில் தொடர்ந்து வந்தது.

எங்கள் வீட்டுக் கீபோர்டு ஸ்டூலுக்குள் ஒரு நோட்டு இருக்கிறது. பியானோ மிஸ் கொடுத்த பயிற்சி நோட்டு. தினமும் எத்தனை நிமிஷம் வாசித்தாய், எது வரவில்லை என்று மாணவியே எழுதவேண்டும். பொண்ணுக்குச் சோம்பல், நான் எழுதினேன். 'இன்று 45 நிமிடம் வாசித்தேன். ஸ்கேல் சரியில்லை. நாளை கவனமாக இருப்பேன்.' நாலு வருஷத்துக்கு, எல்லாப் பக்கமும் என் கையெழுத்து. கீழே பெற்றோர் கையொப்பம் என்ற இடத்திலும் நானே. ஆடிட்டர் பார்த்திருந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பார்.

சரி, லைப்சிக்குக்குத் திரும்புவோம்.

ராபர்ட்டும் க்ளாராவும் காதலித்தார்கள். 1836-ல் தெரியவந்ததும் வீக் மகளை ட்ரெஸ்டனுக்கு அனுப்பினார், கடிதப் போக்குவரத்தை வெட்டினார். 1837 ஆகஸ்டில் இருவரும் ரகசியமாக நிச்சயம் பண்ணிக்கொண்டார்கள். செப்டம்பர் 13, க்ளாராவின் பதினெட்டாவது பிறந்தநாள் அன்று ராபர்ட் முறைப்படி பெண் கேட்டு எழுதினார். வீக் பிடிகொடுக்கவில்லை. அந்தக் குளிர்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு வியன்னா போய்விட்டார். அங்கே க்ளாராவுக்குக் கிடைத்த வரவேற்பு கொஞ்சநஞ்சமில்லை, 1838 மார்ச்சில் பேரரசரின் அரசவைக் கலைஞர் பட்டமே கொடுத்தார்கள்.

அதே மார்ச்சில் லைப்சிக்கில் தனியாக உட்கார்ந்திருந்த ராபர்ட் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் சில சமயம் எனக்கு ஒரு குழந்தை மாதிரித் தெரிகிறீர்கள் என்று நீ ஒருமுறை எழுதியிருந்தாயே, அதன் எதிரொலியோ என்னவோ, சின்னச் சின்னதாக முப்பது போல எழுதிவிட்டேன், அதில் ஒரு டஜன் பொறுக்கியிருக்கிறேன் என்று. 1839-ல் அச்சானபோது பதின்மூன்று. 'குழந்தைப் பருவக் காட்சிகள்' என்று தொகுப்புக்குப் பெயர். ஏழாவது, அதாவது நட்ட நடுவில் இருப்பதுதான் ட்ராய்மெராய்.

இந்த இடத்தில்தான் நானும், பொண்ணுக்குப் பாடம் எடுத்தவர்களும், அநேகமாக எல்லாருமே தப்புப் பண்ணுகிறோம். தலைப்பைப் பார்த்துவிட்டு இதைக் குழந்தைகள் கையில் கொடுக்கிறோம். ஷூமான் குழந்தைகள் வாசிக்க எழுதிய தொகுப்பு வேறு. அது பத்து வருஷம் கழித்து, 1848-ல், தன் மூத்த மகளின் ஏழாவது பிறந்தநாளுக்காக ஆரம்பித்தது. இந்தப் பதின்மூன்றும் பெரியவர்களுக்கு. கை கெட்டு, கல்யாணம் தடைப்பட்டு, காதலி வேறு தேசத்தில் இருக்க, 27 வயது ஆள் ஒருவர் திரும்பிப் பார்த்து எழுதியது. ஒரு விமர்சகர் இதைப் புரிந்துகொள்ளாமல், அழுகிற குழந்தையை முன்னால் நிறுத்திவைத்து அதற்கு ஸ்வரம் தேடினார் என்கிற மாதிரி எழுதியபோது ஷூமானுக்குக் கோபமான கோபம். தலைப்புகள் எல்லாம் பிறகு வைத்தவை, எப்படி வாசிப்பது என்பதற்கு ஒரு சின்னக் குறிப்பு, அவ்வளவுதான் என்றார்.

இனி நம்ம துறை. 1839-ல் வீக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கச் சில நிபந்தனைகள் போட்டார். தான் உயிரோடு இருக்கும்வரை இவர்கள் சாக்ஸனி ராஜ்ஜியத்தில் குடியிருக்கக் கூடாது. க்ளாரா கச்சேரி பண்ணிச் சம்பாதித்த பணம் ஐந்து வருஷம் தன்னிடமே இருக்கும், அதற்கு 4 சதவீத வட்டி தருவார். ராபர்ட் தன் வருமானக் கணக்கைச் சட்டப்படி சான்றுபெற்று, வீக் நியமிக்கும் வக்கீலிடம் ஒப்படைக்கவேண்டும். சொத்தில் க்ளாரா உரிமை கோரக்கூடாது.

ஐந்து வருஷ டெபாசிட், நாலு சதவீதம், வருமானச் சான்று! மனுஷர் மட்டும் இன்று இருந்திருந்தால் எங்கள் கடன் பிரிவில் உதவிப் பொது மேலாளர். சிரித்துக்கொண்டே தங்கமணியிடம் படித்துக் காட்டினேன். "எங்கப்பா உங்க சம்பள ஸ்லிப்பு கேட்டதுக்கு இன்னும் குத்திக்காட்டறீங்களே, இவரு பரவாயில்லையா?" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

இருவரும் நிபந்தனையை ஏற்கவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார்கள். பாரிஸில் தனியாகக் கச்சேரி செய்துகொண்டிருந்த க்ளாரா, தன் அப்பாவுக்கு எதிரான மனுவில் அங்கிருந்தே கையெழுத்துப் போட்டாள். பத்தொன்பது வயது. வீக் பதிலுக்குக் குற்றச்சாட்டுகளை அடுக்கினார். ராபர்ட்டுக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது, பேச வராது, குடிகாரன். நீதிமன்றம் குடி ஒன்றை மட்டும் நிரூபிக்கச் சொல்லிவிட்டு மற்றதைத் தள்ளியது. நிரூபிக்க முடியவில்லை. 1840 ஆகஸ்டில் அனுமதி வந்தது. செப்டம்பர் 12-ம் தேதி, லைப்சிக் பக்கத்தில் ஷோனஃபெல்ட் கிராமத்துத் தேவாலயத்தில் கல்யாணம். மறுநாள் க்ளாராவுக்கு 21 வயது நிறைகிறது. ஒரு நாள் பொறுத்திருந்தால் வயது வந்துவிடும், ஆனாலும் முந்திய நாளே பண்ணிக்கொண்டார்கள்.

வீக்கை வில்லனாக்கிச் சினிமா எல்லாம் எடுத்துவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, சொந்தக் கட்சி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த மனுஷர் இல்லாவிட்டால் க்ளாரா இல்லை. அவர் பயந்த விஷயங்களும் சுத்தமாகப் பொய்யாகவில்லை. ராபர்ட்டின் மனநிலை முன்பே ஆட்டம் கண்டிருந்தது. 1854 பிப்ரவரியில் ரைன் நதிப் பாலத்திலிருந்து குதித்தார். காப்பாற்றி, பான் நகரத்துக்குப் பக்கத்தில் எண்டெனிக் மனநல விடுதியில் சேர்த்தார்கள். ரெண்டு வருஷத்துக்கு மேல் க்ளாராவைப் பார்க்கவே விடவில்லை. 1856 ஜூலையில் கடைசியாகப் பார்க்க விட்டார்கள், ரெண்டு நாளில் போய்விட்டார். 46 வயது. நான் உட்கார ஆரம்பித்த வயது.

ஏழு குழந்தைகளோடு நின்ற க்ளாராவுக்குச் சோறு போட்டது அப்பா அடித்துச் சொல்லிக்கொடுத்த வித்தைதான். ஐரோப்பா முழுக்கச் சுற்றிச் சுற்றி வாசித்தார். கணவருடைய படைப்புகளை உலகம் அறிந்ததில் பெரும் பங்கு அவர் விரல்களுக்கு. 1878 முதல் ஃப்ராங்க்ஃபர்ட்டின் ஹோக் இசைக் கல்லூரியில் ஆசிரியர். 1896-ல் மறைந்தார். அப்பாவோடு 1843-லேயே சமாதானம் ஆகிவிட்டது, முதல் கடிதம் எழுதியது அப்பாதான். ஆனால் நான் வீக்கிடம் விடாமல் தேடிய ஒரு விஷயம் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் அவர் எப்போதாவது, உனக்கு இது பிடித்திருக்கிறதா என்று கேட்டாரா?

நானும் கேட்டதில்லை.

வேகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்குப் படித்ததற்கு அர்த்தமில்லை. முதல் பதிப்பில் நிமிஷத்துக்கு 100 தட்டு என்று போட்டிருக்கிறது. முதல் எட்டு அளவுகளைத் திருப்பி வாசிப்பதையும் சேர்த்தால் 32 அளவு, 128 தட்டு. 100-ல் வாசித்தால் ஒரு நிமிஷம் 17 விநாடியில் முடிந்துவிடும். க்ளாராவின் பதிப்பில் 80, ஒரு நிமிஷம் 36 விநாடி. ஆனால் இன்று மேடையிலும் ஒலித்தட்டிலும் பெரும்பாலானவர்கள் இரண்டரை நிமிஷத்துக்குக் குறையாமல் வாசிக்கிறார்கள், அதாவது 50 சொச்சம். ஷூமானின் தாளக் கருவி பழுது என்று ஒரு கட்சி, இல்லை, நாம்தான் இதைத் தாலாட்டாக்கிவிட்டோம் என்று இன்னொரு கட்சி. நான் க்ளாரா கட்சி. 80 வைத்துப் பார்த்தேன், ஏக்கம் குறையவில்லை, அழுகை குறைந்தது.

மெதுவாக வாசித்தவர்களில் ஒருத்தருக்கு மட்டும் விதிவிலக்கு. விளாதிமிர் ஹோரோவிட்ஸ் 1925-ல் சோவியத் நாட்டை விட்டு வெளியேறியவர். 61 வருஷம் கழித்து, 1986 ஏப்ரல் 20 அன்று மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கில் வாசித்தார். வயது 82. கச்சேரி முடிந்து ரசிகர்கள் விடாமல் கைதட்டியபோது உபரியாக வாசித்தவற்றில் இதுவும் ஒன்று. காணொளியில் ஒரு நடுவயது ரசிகர், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், கன்னத்தில் கண்ணீர் வழிய உட்கார்ந்திருப்பார். ஊரை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆன நாமெல்லாம் அதைத் தனியாக இருக்கும்போது பார்ப்பது நல்லது.

போன தீபாவளிக்குப் பொண்ணு வரவில்லை, பரீட்சை. ராத்திரி போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டுக் கீபோர்டு மேல் வைத்துவிட்டு, முன்னுரை எதுவும் சொல்லாமல் முதல் ரெண்டு வரியும் கடைசி ரெண்டு வரியும் வாசித்தேன். நடுவில் ரெண்டு இடம் தடுக்கியது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அப்பா, பெடல்ல இருந்து காலை எடுங்க. எல்லாம் கொழகொழன்னு இருக்கு."

எடுத்தேன்.

"லெஃப்ட் ஹேண்ட் சத்தம் ஜாஸ்தி. கடைசி லைன்ல மேல போய் நிக்கற இடத்துல நில்லுங்க, ஏன் ஓடறீங்க? யாரும் நேரம் குறிக்கலை."

அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். உனக்கு இது பிடிச்சிருந்துதா? கொஞ்ச நேரம் யோசித்தாள். "இது மட்டும் பிடிச்சிருந்துதுப்பா. இது எக்ஸாமுக்கு இல்லையே. அதனாலதான் மடிச்சு வெச்சிருந்தேன்."

நோட்டை என்ன செய்தாய் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஸ்டூலுக்குள்தான் இருக்கிறது. நடுவில் வரும் எட்டு அளவுகள் இன்னும் கைக்கு வரவில்லை. டிசம்பரில் வருகிறாள், அதற்குள் வந்துவிடுமா பார்க்கவேண்டும்.